சாக்கோடு சேர்த்த எடை

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்த மறுநாள் காலை, திண்டுக்கல் என்று ஓர் ஊர் இருப்பதே தனுஷ்கோடிக்குச் சந்தேகமாக இருந்தது.

"நான் அதைப் பாத்தேனா?" என்றான், சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டே.

"பாத்தியாவா? மேல ஏறுனவன் இறங்கமாட்டேன்னு ஒரே அழுகை," என்றான் தவசிலிங்கம். "சுற்றுலா வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகதான் கையப் பிடிச்சு இறக்கிவிட்டுச்சுக."

"பொய்."

"பொன்னுத்துரையக் கேளு."

பொன்னுத்துரை வாயிலிருந்த இட்லியை விழுங்கிவிட்டு, சாட்சிக் கூண்டில் ஏறியவன் போலத் தொண்டையைச் செருமினான். "அழுதது கூடப் பரவாயில்ல மாப்ள. இறங்குனதும் அந்தப் பிள்ளைகளுக்கு 'தேங்க்யூ மிஸ்'னு சொன்னியே, அதுதான் எங்களுக்கு மானக்கேடா போச்சு."

தனுஷ்கோடியால் மறுக்க முடியவில்லை. முந்தின நாள் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அவன் மண்டைக்குள் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த அலமாரி. அதில் யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் சும்மா இருக்க வேண்டியதுதான்.

இப்படிப் பொய் சொல்வதற்கும் ஒரு கைராசி வேண்டும். தவசிலிங்கத்துக்கு அது பிறந்த மண்ணிலேயே கிடைத்தது. 'இந்த விலைக்குக் குடுத்தா என் பிள்ளைகுட்டி பட்டினி' என்று சிரித்த முகத்தோடு சொல்லும் மனிதர்கள் நிறைந்த விருதுநகர்க் கடைவீதியில் வளர்ந்தவன் அவன். தொழில், வத்தல் மிளகாய் கொள்முதல். ஒரு வத்தலை உடைத்து முகர்ந்தால் அது எந்த மண்ணில் காய்த்தது என்பதோடு, விற்கிறவனுக்கு எவ்வளவு அவசரம் என்பதையும் சொல்லிவிடுவான். பொன்னுத்துரைக்கு உளுந்து வியாபாரம். தனுஷ்கோடிக்கு நல்லெண்ணெய். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மூவரின் தொந்தியும் சைக்கிள் ஹேண்டில்பாரோடு எல்லைத் தகராறு நடத்திக்கொண்டிருந்தது.

விருதுநகரிலிருந்து ஒகேனக்கல் வரை ஒன்பது நாள் சைக்கிள் பயணம். இதற்குத் திட்டம் போட்டவன் நான்காவது நண்பன் வன்னியராஜன். மிளகாய்க் கமிஷன் மண்டிக்காரன். பதினொரு வருடமாக, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வழி வரைந்து வைத்திருந்தான். எந்த ஊரில் டீ, எந்த மேட்டில் இறங்கித் தள்ளுவது, எங்கே நின்றால் காவிரி முதலில் தெரியும், எல்லாம் அதில் இருந்தது. புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது சொந்தக் குடோனில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். ஆறு மாதம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீங்க போயிட்டு வாங்கடா" என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளக்கூட அவனால் முடியவில்லை.

அதனால்தான் பார்வைத் தொப்பி.

வாடகைக்கு விடும் கடையில் ஒரு பெண் விளக்கம் சொன்னாள். "காலையில இந்தப் பொத்தானை அமுக்குனா, சாயங்காலம் மறுபடி அமுக்குற வரைக்கும் நீங்க பாத்ததெல்லாம் இந்தச் சிமிழ்ல இறங்கிரும், அண்ணாச்சி. ட்ரோன்ல அனுப்பிவிட்டா, அங்க இருக்கவரும் ஒரு தொப்பி மாட்டி வாங்கிக்குவாரு. அவரே நேர்ல பாத்த மாதிரி இருக்கும்."

"எங்களுக்கு?" என்றான் தவசிலிங்கம்.

"உங்களுக்கு இருக்காது."

"ஒரு நகல் போட்டு வச்சுக்க முடியாதாம்மா?"

"நகல் எடுத்தா அது படம் அண்ணாச்சி. வெளிய நின்னு பாக்குற மாதிரிதான் தெரியும். தானே பாத்த மாதிரி வேணும்னா அசலத்தான் எடுத்துக் குடுக்கணும்."

பொன்னுத்துரைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "மூட்டை மாதிரி. ஒரு குடோன்ல இருந்தா இன்னொரு குடோன்ல இருக்காது."

"ஆமா. இன்னொன்னு, பாத்தது மட்டும் தனியா வராது. அந்த நேரத்துல காதுல கேட்டது, மனசுல நினைச்சது எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். பிரிக்க முடியாது."

"சாக்கோட சேத்து எடை," என்றான் தனுஷ்கோடி.

மூவரும் சிரித்தார்கள். தவசிலிங்கம் மட்டும் சிரிப்பைக் கொஞ்சம் சீக்கிரமாக முடித்துக்கொண்டான்.

ஒரு நாளைக்கு ஒருவர் தொப்பியைப் போட்டால் போதும். ஆனால் யார்? மூவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைத் தீர்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் ஒரு துண்டை விரித்து, அதற்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேரம். பஞ்சர் ஒட்டும் பெட்டியை நான் சுமக்கிறேன், தொப்பியை நீ போடு. இல்லையா, லாட்ஜில் ஃபேனுக்கு நேரான கட்டில் உனக்கு. அதுவும் போதாதா, என் பங்கு வடையும் உனக்கே. வாய் ஒரு பேச்சுப் பேசாது. முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. எட்டு நாள் பேரத்தில் தவசிலிங்கம் ஒரு நாள்கூடத் தோற்கவில்லை. முதுகில் பஞ்சர் பெட்டி, வயிற்றில் வடை இல்லாத வெறுமை. ஆனாலும் தொப்பி அவன் தலைக்கு வரவில்லை.

தோற்றால் என்ன ஆகும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அன்றைக்குக் குடோனில் நடந்தது இதுதான். வன்னி மாதிரிக்குக் காட்டிய வத்தல் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே தவசிலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. "மேல் மூட்டையில இருந்து எடுத்துக் காட்டு" என்றான். "ஏணியப் புடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வன்னி ஏறினான். அவன் உச்சிக்குப் போனதும் தவசிலிங்கத்தின் மூளையில் வியாபாரம் புகுந்தது. மேலே நல்ல சரக்கை வைத்து, கீழே வெள்ளை விழுந்த சோடை வத்தலை ஒளித்திருந்தால்? இவன் இறங்குவதற்குள் கீழ் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிடலாமே. ஏணியிலிருந்து கையை எடுத்தான். வத்தல் கையில் வந்த அதே நொடியில் வன்னியும் கீழே வந்து சேர்ந்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், மனைவி சொர்ணம் பக்கத்தில் நிற்க, வன்னி சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் பாழாப்போன ஏணிய வெட்டி வெறகாக்குங்கடா." தவசிலிங்கம் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஏணியை வெட்டும்போது உடன் நின்று ஒரு பக்கம் பிடித்துக்கூடக் கொடுத்தான். அந்தத் தடவை கையை எடுக்கவில்லை.

வன்னியின் மண்டைக்குள் தன் மண்டை போகக் கூடாது. பயணம் முழுக்க அவன் நடத்திய பேரத்தின் உள்விலை அதுதான்.

தினமும் சாயங்காலம் சிமிழ் பறந்துபோகும். மறுநாள் காலையில் வன்னி போனில் வந்து சரக்கைப் பழிப்பான். வாங்குகிறவனுக்கு அது முறை.

"யானைமலை சுமார்தான்டா. அடுத்த தடவை தனுஷ்கோடியக் கண்ணாடி மாத்தச் சொல்லு. யானையோட தும்பிக்கையே தெரியல."

"மலைக்குத் தும்பிக்கை இல்லடா," என்றான் தனுஷ்கோடி. அவனுக்கே அது ஞாபகம் இல்லை. தோராயமாகத்தான் சொன்னான்.

"பொன்னுத்துரை அனுப்புன காவிரி அதைவிட மோசம். ஆத்தப் பாக்கும்போதெல்லாம் நடுவுல உளுந்து விலை மிதந்து வருது. இக்கரையில ஒரு விலை, அக்கரையில ஒரு விலை. அப்புறம் மோகனூர் மேட்டுல என்னை மனசுக்குள்ள ரெண்டு கெட்ட வார்த்தை திட்டியிருக்கான். அதுவும் பத்திரமா வந்து சேந்துச்சு."

பொன்னுத்துரை தலையைச் சொறிந்தான். தவசிலிங்கம் தன் டீயைப் பாதியிலேயே கீழே வைத்தான்.

பாதை நெடுக அவர்கள் பார்த்ததைவிடப் பேசியதுதான் அதிகம். ஓட்டுநர் இல்லாத லாரிகள் பக்கத்தில் வந்து, "வணக்கம், தயவுசெய்து ஒதுங்கவும்" என்று பெண் குரலில் சொல்லிவிட்டுப் போயின. ஒவ்வொன்றின் முகப்பிலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

"ஆளே இல்லாத லாரியில எலுமிச்சம்பழம் யாருக்குடா?" என்றான் தனுஷ்கோடி.

"லாரிக்குத்தான். அதுக்கும் பொறாமைக்காரன் இருப்பான்ல," என்றான் பொன்னுத்துரை.

"நம்ம வத்தலா பாரு, தவசி."

தவசிலிங்கம் பார்க்கவில்லை. லாரிகளின் பின்பக்கத்தில் ஏணி இருக்கிறது. எட்டு நாளாக எந்த லாரிக்குப் பின்னாலும் அவன் போகவில்லை.

நாமக்கல்லில் ட்ரோன்கள் முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு பாறைக்கோட்டைக்கு மேலே வரிசையாகப் பறந்தன. அன்று தொப்பி பொன்னுத்துரைக்கு. மறுநாள் அவனுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பைத் தவசிலிங்கம் ஏற்றுக்கொண்டான்.

"கோட்டையச் சுத்திப் பாத்துட்டு, காவல்காரர்கிட்டப் போயி, மொத்தமா எடுத்தா எவ்வளவு தள்ளுவீங்கன்னு கேட்ட."

பொன்னுத்துரை கோபப்படவில்லை. "கேட்டிருப்பேன்," என்றான். இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தபின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "எவ்வளவு சொன்னாரு?" என்றான்.

ஒன்பதாம் நாள் காலை பென்னாகரத்தில் விடிந்தது. இனி இறக்கம்தான், கடைசியில் அருவி. டீக்கடை பெஞ்சில் தவசிலிங்கம் துண்டை விரித்தான். வலது கையை உள்ளே விட்டான். உள்ளே இரண்டு கைகள் காத்திருந்தன. இரண்டும் மூடிய கைகள். ஒரு விரலும் நீளவில்லை.

அவனுடைய முப்பது வருட வியாபாரத்தில் மூடிய கைக்கு ஒரே அர்த்தம்தான். பேரம் இல்லை.

"என்னங்கடா இது?"

"நான் நாலு நாள் குடுத்தேன், இவன் நாலு நாள் குடுத்தான்," என்றான் தனுஷ்கோடி. "எனக்கு யானைமலை இல்ல, திண்டுக்கல் இல்ல, தொப்பூர் கணவாய் இல்ல. இந்த அருவியாவது என் கண்ணுல இருக்கட்டும்."

"வீட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி என்ன பாத்தீங்கன்னு கேப்பா," என்றான் பொன்னுத்துரை. "நீ சொன்ன கதையத்தான் அவகிட்டச் சொல்ல முடியும். அதுல பாதியச் சொன்னா விரட்டிருவா."

"எனக்கு ஒத்தத் தலைவலிடா. தொப்பி ஆகாது."

"அப்ப அனுப்ப வேண்டாம். வன்னிக்கு நீயே போன் போட்டுச் சொல்லு."

சொல்வதற்குள் வன்னியே கூப்பிட்டுவிட்டான். குரலில் பழிப்பு இல்லை. "இன்னைக்கு அருவிதானடா? யாரு கண்ணோ, நல்லாப் பாத்து அனுப்புங்க. ராத்திரி முழுக்கத் தூங்கல. பதினோரு வருசம் தாள்ல வரைஞ்சது. சொர்ணம் தலையெல்லாம் எண்ணெய் தடவிச் சீவிவிட்டிருக்கா, தொப்பி நல்லாப் பொருந்தணும்னு."

போனை வைத்தபின் தனுஷ்கோடி துண்டை மடித்துத் தவசிலிங்கத்தின் தோளில் போட்டான்.

ஒகேனக்கல் வரை தவசிலிங்கம் பெடலை மிதிக்கவில்லை, இறக்கமே இழுத்துக்கொண்டு போனது. ஆனால் மண்டை பேரத்தை நிறுத்தவில்லை. பரிசல் துறைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பரிசல்காரரைத் தனியாகக் கூட்டிப் போனான். அவர் பேர் மாதேசன். அவர் தலையிலும் ஒரு பார்வைத் தொப்பி இருந்தது, வெயிலில் வெளுத்துப்போய்.

"அண்ணே, உங்க கண்ணுல இருக்க அருவியக் கொஞ்சம் குடுக்க முடியுமா? எங்க ஆளுக்கு ஒரு நாள் சரக்கு போதும்."

"ரெண்டு வருசத்துக்கு வித்தாச்சுண்ணா," என்றார் மாதேசன். "வெளிநாட்டுல யாரோ ஒருத்தரு. படுத்துக்கினே பாக்குறாராம். தெனமும் சாயங்காலம் அவருக்குப் போயிடும்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு தெனமும் மொத நாளுதான். கை தானா தொழாவும். முதல் பாறை வளைவுல நானே பயந்துடுவேனாம். இந்த ஆளுக்குத் தெரியுமோ தெரியாதோன்னு ஏறுனவங்க என்னப் பாப்பாங்களாம். நான் அவங்களப் பாப்பேனாம்."

தவசிலிங்கம் சிரித்தான். மாதேசனும் சிரித்தார். பிறகு துடுப்பைத் துடைத்துக்கொண்டே, "போன வருசம் பள்ளிக்கூடம் லீவுல எம்மவ தெனமும் கூட வந்தாளாம்," என்றார். "பரிசல்ல உக்காந்து பாட்டுப் பாடுவாளாம். அவளே சொல்லுவா. அதுவும் சேந்து போயிட்டுது. தனியா எடுத்து வெக்க முடியாதுன்னுட்டாங்க. அது என்ன பாட்டுன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கிறா, கோவம்."

தண்ணீரின் இரைச்சல் பாறைகளுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. தவசிலிங்கம் காது கொடுத்தான். கேட்டதே இவ்வளவு என்றால் பார்த்தால் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு ஓடியது. அதற்காக எண்ணெய் தடவிய தலையோடு ஒருவன் காத்துக்கொண்டு படுத்திருக்கிறான். அனுப்பாவிட்டால் அவனை இரண்டாம் தடவை கைவிட்டதாகும். அனுப்பினால் முதல் தடவை கைவிட்டது தெரிந்துவிடும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நட்டம்தான். இப்படி ஒரு வியாபாரத்தில் அவன் இதற்குமுன் மாட்டியதில்லை.

ஒரு வழி இருந்தது. ஏணியை நினைக்காமல் அருவியைப் பார்த்துவிட வேண்டும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதைதான். இருந்தாலும் குரங்கை விரட்ட ஏதாவது தடி வேண்டுமே. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பார்த்தால்? அதுவும் கடினமான வாய்ப்பாடாக. மனதில் வேறெதற்கும் இடம் இருக்காது.

இந்த உபாயத்தை அவன் வெளியே சொல்லவில்லை. துறைக்குத் திரும்பி வந்து கையை நீட்டினான்.

"குடு அந்தத் தொப்பிய."

தனுஷ்கோடிக்கு ஆச்சரியம். "பதிலுக்கு என்னடா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

தவசிலிங்கத்தின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அவர்கள் அதற்குமுன் கேட்டதில்லை. பொன்னுத்துரை அவன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான். தவசிலிங்கம் தொப்பியை மாட்டினான். பொத்தானை அமுக்கினான்.

அமுக்கிய விரலை எடுப்பதற்குள் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெயில் எதிர்ப்பக்கம் போயிருந்தது. அவன் பாறைமேல் உட்கார்ந்திருந்தான், கையில் பாதி தின்ற வறுத்த மீன். தனுஷ்கோடி சிமிழைக் கழற்றி மாட்டிவிட்ட ட்ரோன் தலைக்கு மேலே ஏறி, சிறு புள்ளியாகித் தெற்கே போனது.

"முடிஞ்சுருச்சா?"

"எல்லாம் முடிஞ்சுருச்சு," என்றான் தனுஷ்கோடி. எட்டு நாள் அவமானத்துக்குப் பதில் செய்யும் நேரம் அவனுக்கு வந்துவிட்டது. "பரிசல்ல ஏறுனதுல இருந்து நீ பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சுட்ட. சத்தமா. பரிசல்காரரு பயந்து துடுப்ப நிறுத்திட்டாரு."

தவசிலிங்கம் மீனைக் கீழே வைத்தான். வாய்ப்பாட்டைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லையே. ஒன்பது நாளில் அவர்கள் மூவரும் சொன்ன அத்தனை கதையிலும் இது ஒன்றுதான் நிஜம்.

"அப்புறம்?"

"எட்டுப் பதினாறு வரைக்கும் போச்சு. அதுக்குள்ள பாறை இடுக்குல திரும்பிட்டோம். அருவி மொத்தமா எதிர்ல வந்துச்சு. நீ வாய்ப்பாட்ட விட்டுட்ட."

"விட்டுட்டு?"

தனுஷ்கோடி பொன்னுத்துரையைப் பார்த்தான். பொன்னுத்துரை மீன் முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டே, "அழுத," என்றான்.

"பொய்."

"சரி, பொய்னே வச்சுக்க," என்றான் பொன்னுத்துரை. சாட்சிக் கூண்டில் ஏறியதுபோல் தொண்டையைச் செருமவில்லை. சிரிக்கவும் இல்லை.

மறுநாள் காலை போன் வந்தது. மூவரும் ஊருக்குத் திரும்ப சைக்கிள்களை பஸ் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தவசிலிங்கம் பஸ்ஸின் பின்னால், ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தான். இறங்கத் தோன்றவில்லை.

"சரக்கு வந்துச்சுடா," என்றான் வன்னி.

"எப்படி?"

"எங்க இருந்தோ வெள்ளையா வந்து கருப்புப் பாறையில விழுந்து, அந்தப் பாறையும் கரைஞ்சு ஓடுற மாதிரி... என்னத்தச் சொல்ல. பரிசல் சுத்துன சுத்துல எனக்கு இங்க கட்டில்ல தலை சுத்திருச்சு. சொர்ணம் கட்டிலப் புடிச்சுக்கிட்டா." மூச்சு வாங்கிக்கொண்டான். "நல்ல கண்ணுடா உனக்கு. அந்த ரெண்டு பயலுகளும் கபோதிக. ஆனா நடுவுல எதுக்குடா பதினாறாம் வாய்ப்பாடு?"

"சும்மாதான்."

"ஏழு பதினாறு தப்பாச் சொல்ற."

தவசிலிங்கம் ஏணிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அந்த ஏணி இருந்துச்சுல்ல," என்றான் வன்னி.

"ம்."

"நல்ல வேங்கை மரம்டா அது. எங்கப்பா காலத்து ஏணி. அதைப் போயி வெறகாக்கி, ஒரு வாரம் வெந்நீர் போட்டு, அந்தத் தண்ணியில என்னையே துடைச்சுவிட்டாங்க."

கீழேயிருந்து தனுஷ்கோடி சைக்கிளைத் தூக்கிப் பிடித்தபடி, "புடிடா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"தவசி."

"சொல்லு."

"கீழ் மூட்டை எப்படிடா இருந்துச்சு? நீ நினைச்சதெல்லாம் வந்துச்சு, அது மட்டும் வரல."

முப்பது வருடப் பழக்கம் 'சுமார்' என்ற சொல்லை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்துவிட்டது. அதை விழுங்கினான். மிளகாயை விழுங்கியதுபோல இருந்தது.

"நல்லா இருந்துச்சுடா. மேல இருந்ததவிட நல்லா இருந்துச்சு."

மறுமுனையில் வன்னி மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. "சொர்ணம், இங்க வா. இவன் என் சரக்க நல்லா இருக்குன்னு சொல்றான். வந்து சாட்சிக்குக் கேளு." பிறகு போனுக்குத் திரும்பினான். "இந்த ஒரு வார்த்தைக்கு நான் ரெண்டாம் மாடியில இருந்துகூட விழுந்திருப்பேன்டா. சரி, நீ என்ன பண்றன்னா, வர்ற வழியில ஒரு ஏணி வாங்கிட்டு வா. நல்ல மரமா. கடைக்காரன் சொல்ற விலையக் குடுத்துட்டு, வாயத் திறக்காம தூக்கிட்டு வா."

"பேரம் பேசாமயா?"

"பேசாம. தொப்பியப் போட்டுக்கிட்டுப் போ. பேசுனா எனக்குத் தெரிஞ்சுரும்."

தவசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மனசுக்குள்ளயுமா?" என்றான்.